பன்னிரண்டு ஐங்கோணங்கள்: உருண்டை உலகில் வியூக ஆட்டம்

கேள்வி:

நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் சேர்ந்து கணினிக்காக ஒரு வியூக விளையாட்டை உருவாக்கி வருகிறோம். நகரம் அமைப்பது, கடல் கடப்பது, படை நடத்துவது என்று சிவிலைசேஷன் வகையைச் சேர்ந்த, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் ஆட்டம். இதுவரை தட்டையான அறுகோணக் கட்டங்களைப் போட்டு, கிழக்கு ஓரத்தையும் மேற்கு ஓரத்தையும் இணைத்து வைத்திருக்கிறோம். இப்போது மேப்பை நிஜமான உருண்டையாகவே மாற்றிவிட ஆசை. ஆனால் உருண்டையை அறுகோணங்களால் முழுக்க மூட முடியாது, எங்கேயாவது இடிக்கும் என்று படித்தோம். அது உண்மையா? உண்மை என்றால் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கட்டங்களை எப்படிச் சேமிப்பது, கேமராவை எப்படி வைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு மெனக்கெடுவதற்கு உருண்டையில் பலன் இருக்கிறதா?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

நீங்கள் படித்தது உண்மைதான். அறுகோணங்களை மட்டும் வைத்து உருண்டையை மூட முடியாது. ஒரு முனையில் மூன்று கட்டங்கள் சேரும்படி அடுக்கினால், எத்தனை ஆயிரம் அறுகோணங்கள் போட்டாலும் கூடவே 12 ஐங்கோணங்கள் வந்தே தீரும். பதினொன்று போதாது, பதின்மூன்று ஆகாது. திறமையான நிரலாளர் ஒருவர் என்றாவது இதற்கு வழி கண்டுபிடிப்பார் என்று காத்திருக்க வேண்டாம். கணிதமே போட்டிருக்கும் நிபந்தனை இது.

காரணத்தை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் லெயோனார்டு ஆய்லர் கண்ட விதி ஒன்று உண்டு. உருண்டையைக் கட்டங்களாகப் பிரித்து, முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து, கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் விடை எப்போதும் 2. இப்போது 100 அறுகோணங்களால் மட்டுமே மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 6 விளிம்பு. ஒரு விளிம்பு இரண்டு கட்டங்களுக்குப் பொது. ஆக 300 விளிம்புகள். ஒவ்வொன்றுக்கும் 6 முனை. ஒரு முனை மூன்று கட்டங்களுக்குப் பொது. ஆக 200 முனைகள். 200 − 300 + 100 = 0. வரவேண்டியதோ 2. நூறை லட்சமாக்கினாலும் பூஜ்யம்தான் வரும். ஓர் ஐங்கோணத்தைச் சேர்த்தால் இந்தக் கணக்கில் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. பூஜ்யம் 2 ஆக வேண்டுமென்றால் அப்படிப் பன்னிரண்டு வேண்டும்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் உருண்ட அடிடாஸ் டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்களும் 20 வெள்ளை அறுகோணங்களும் இருந்தது இந்த விதிப்படிதான். 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறும் அதே வடிவம். இத்தகைய வடிவங்களின் குடும்பத்தை 1937இல் மைக்கேல் கோல்ட்பர்க் வகைப்படுத்தினார். அவர் பெயரால் கோல்ட்பர்க் திண்மங்கள் என்று தேடினால் உங்களுக்கு வேண்டிய கணிதம் முழுவதும் கிடைக்கும்.

பூஜ்யமே சரியான விடையாக வரும் வடிவமும் இருக்கிறது: நடுவில் துளையுள்ள வளையம். மேப்பின் கிழக்கை மேற்கோடும் வடக்கைத் தெற்கோடும் இணைத்தால் கிடைப்பது அதுதான். அறுகோணங்கள் அதில் பிசிறில்லாமல் பொருந்தும். மேல் ஓரத்தில் வெளியேறும் கப்பல் கீழ் ஓரத்தில் நுழைகிற ஆட்டங்கள் எல்லாம் வளையத்தின் மேல்தான் நடக்கின்றன, திரையில் அதை உலகம் என்று சொன்னாலும். 2005இல் வந்த சிவிலைசேஷன் 4 இதைத் தெளிவாகவே ஆடுபவரிடம் விட்டது. தட்டை, உருளை, வளையம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஆட்டத்தில் கேமராவை மிகவும் பின்னுக்கு இழுத்தால் உலகம் உருண்டையாகவும் தெரியும். பார்க்க அழகு. ஆனால் அடியில் இருந்த விதி மாறவில்லை. துருவத்தைத் தாண்டி மறுபக்கம் போக முடியாது.

இந்த இடத்தில்தான் என் முக்கியமான கருத்தைச் சொல்ல வேண்டும். உருண்டை ஓர் ஆட்ட விதி. படை எப்படி நகரும், நகரம் எவ்வளவு வளரும் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் விதிகளோடு அதுவும் ஒன்று. ஆடுபவர் எடுக்கும் முடிவுகளை அது மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், கிழக்கும் மேற்கும் இணைந்த உங்கள் உருளை மேப்பே போதும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

உருண்டையைப் பிரிக்கும் மூன்று வழிகள்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அட்சரேகை, தீர்க்கரேகை. பள்ளி அட்லஸில் பார்த்த கோடுகளையே கட்டங்களாக்குவது. நிலநடுக்கோட்டில் சதுரமாக இருக்கும் கட்டம், 60 டிகிரியில் அகலம் பாதியாகிவிடும். 80 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். துருவத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகள் ஒரே புள்ளியில் குவியும். அங்கே ஒரு படை நாலு அடி வைத்தால் பல தீர்க்கரேகைகளைத் தாண்டிவிடும். 2021இல் வெளியான டைசன் ஸ்பியர் புரோகிராம் என்ற தொழிற்சாலை விளையாட்டு இதற்கு ஒரு மருந்து கண்டது. துருவத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றுக்கான கட்டங்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தது. எண்ணிக்கை மாறும் கோடுகளில் மேலே உள்ள கட்டமும் கீழே உள்ள கட்டமும் நேருக்கு நேர் பொருந்தாது என்பதுதான் அதற்குக் கொடுத்த விலை. கட்டடம் கட்டும் ஆட்டத்துக்கு அது தாங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரியின் தூரத்தை எண்ணும் ஆட்டத்துக்குத் தாங்காது.

இரண்டாவது வழி கனசதுரம். ஆறு முகங்களிலும் சதுரக் கட்டங்கள் போட்டு, அதை உருண்டையாக ஊதிவிடுவது. நேராக ஊதினால் முகத்தின் நடுவில் உள்ள கட்டம் மூலையில் உள்ளதைவிட 5 மடங்குக்கும் சற்று அதிகப் பரப்போடு இருக்கும். கோடுகளைச் சம நீளத்தில் வைக்காமல் சம கோணத்தில் வைத்தால் மிகப் பெரிய கட்டத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் 1.4 மடங்காகக் குறைந்துவிடும். ஒரே வரித் திருத்தம், பலன் பெரிது. இங்கேயும் 8 மூலைகளில் நான்கு சதுரங்களுக்குப் பதிலாக மூன்றுதான் கூடும். நிலப்பரப்பை அருகில் போகப் போக நுணுக்கமாகக் காட்ட வேண்டிய ஆட்டங்களுக்கு இது அருமையான முறை. அமெரிக்காவின் உலக வானிலைக் கணிப்பு மாதிரியும் 2019 முதல் இந்தக் கனசதுர உருண்டையில்தான் ஓடுகிறது.

மூன்றாவதுதான் உங்களுக்கானது: ஐகோசஹெட்ரான், அதாவது 20 சமபக்க முக்கோணங்களும் 12 முனைகளும் கொண்ட திண்மம். ஒவ்வொரு முக்கோணத்தின் பக்கத்தையும் சம பாகங்களாகப் பிரித்து, கிடைக்கும் சிறு முக்கோணங்களின் முனைகளை உருண்டையின் மேல் தள்ளுங்கள். ஒவ்வொரு முனையும் ஒரு கட்டத்தின் மையம். பழைய 12 முனைகளைச் சுற்றி ஐங்கோணங்கள், மற்ற எல்லா இடத்திலும் அறுகோணங்கள். கணக்கு எளிது. பக்கத்தை எத்தனை பாகமாக்கினீர்களோ அந்த எண்ணின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி 2 கூட்டுங்கள். 4 பாகம் என்றால் 162 கட்டங்கள். 8 என்றால் 642. 16 என்றால் 2,562.

உங்கள் ஆட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் ஒப்பீடு. சிவிலைசேஷன் 6இன் நடுத்தர மேப் 84க்கு 54. மொத்தம் 4,536 கட்டங்கள். பக்கத்தை 21 பாகமாக்கினால் 4,412 கட்டங்கள் கிடைக்கும். அதன் மிகப் பெரிய மேப் 106க்கு 66, மொத்தம் 6,996. நீங்கள் 26 பாகமாக்கினால் 6,762. ஆக அளவைப் பொறுத்தவரை நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. கட்டங்கள் எல்லாம் ஒரே பரப்பாக இருக்காது. ஐங்கோணத்தை ஒட்டியவை சற்றுச் சிறியவை. ஒவ்வொரு மையத்தையும் அதன் அண்டைகளின் நடுவை நோக்கிச் சிறிது நகர்த்தி, இதைச் சில தடவை திரும்பச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சமன்படும்.

இந்த வழி நன்றாகச் சோதிக்கப்பட்டது. ரிம்வேர்ல்டு விளையாட்டின் உலகம் 2016 டிசம்பரில் வந்த பதிப்பு முதல் இப்படித்தான் அறுகோணங்களால் மூடிய உருண்டை. ஜெர்மானிய வானிலைத் துறையின் ஐகான் மாதிரி 2015 முதல் ஐகோசஹெட்ரானிலிருந்து பிறந்த முக்கோணங்களில் இயங்குகிறது. வாடகைக் கார் நிறுவனமான ஊபர் 2018இல் பொதுவில் வெளியிட்ட எச்3 என்ற நிரல் தொகுப்பு பூமி முழுவதையும் இதே முறையில் பிரிக்கிறது. முதல் அடுக்கில் 122 கட்டங்கள். அதில் 12 ஐங்கோணங்கள். எவ்வளவு நுணுக்கமான அடுக்குக்குப் போனாலும் ஐங்கோணம் அதே பன்னிரண்டுதான்.

ஐங்கோணத்தை என்ன செய்வது?

ஊபர் செய்ததிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். பக்மின்ஸ்டர் புல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தன் டைமாக்சியன் உலகப் படத்தில் ஐகோசஹெட்ரானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 12 முனைகளும் கடலில் விழும் ஒரு நிலையைக் கண்டார். எச்3 அதே நிலையை எடுத்துக்கொண்டது. நிலத்தில் வண்டி ஓட்டுபவர் ஐங்கோணத்தைச் சந்திக்கவே மாட்டார். பூமியையே மேப்பாக வைத்து ஆடுவதென்றால் நீங்களும் இதைச் செய்யலாம்.

நீங்களே உருவாக்கும் கற்பனை உலகம் என்றால் வேறொரு வழி திறக்கிறது. அதற்கு முன் ஐங்கோணம் ஆட்டத்தில் என்ன செய்யும் என்று பார்ப்போம். அங்கே நிற்கும் படையை ஐந்து பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். காப்பவருக்குச் சிறு நன்மை. அங்கே நகரம் கட்டினால் நிலம் குறையும். மூன்று கட்ட தூரம் வரை நகரத்தின் ஆளுகை என்று வைத்தால், சாதாரண நகரத்தைச் சுற்றி 6, 12, 18 என்று 36 கட்டங்கள். ஐங்கோண நகரத்துக்கு 5, 10, 15 என்று 30தான். சரியாக ஆறில் ஒரு பங்கு இழப்பு. இன்னொன்றும் உண்டு. இணையாக நடக்கும் இரண்டு படைகள் ஓர் ஐங்கோணத்தின் இரு பக்கமாகக் கடந்தால், இருவருமே நேராகப் போயும், 60 டிகிரி கோணத்தில் ஒருவரை ஒருவர் குறுக்கிடுவார்கள். உருண்டையின் வளைவு முழுவதும் இந்தப் பன்னிரண்டு இடங்களில் குவிந்து கிடக்கிறது. 12 பெருக்கல் 60 என்றால் 720 டிகிரி; மூடிய உருண்டைக்கு இருந்தே ஆக வேண்டிய மொத்த வளைவு அது.

காப்பதற்கு எளிது, வளம் குறைவு, பாதைகள் கூடும் இடம். இப்படிச் சொன்னால் ஐங்கோணம் ஒரு கோட்டைக்கு இலக்கணமாக இருக்கிறது இல்லையா? ஆகவே அதை மறைக்காதீர்கள் என்பேன். பன்னிரண்டையும் ஆட்டத்தின் பன்னிரண்டு பெயர் பெற்ற இடங்களாக்குங்கள். கோயில் மலை, எரிமலை, அரிய கனிமம், பழங்கால இடிபாடு என்று எதையாவது அங்கே வையுங்கள். ஒவ்வொரு ஐங்கோணமும் தனக்கு அருகில் உள்ள ஐந்து ஐங்கோணங்களிலிருந்து சம தூரத்தில், 63.4 டிகிரி தள்ளி இருக்கும். இரண்டைத் துருவங்களில் வைத்தால் மீதிப் பத்தும் வடக்கிலும் தெற்கிலும் 26.6 டிகிரி அட்சரேகையில் ஐந்தைந்தாக அமையும். உலகம் முழுக்கச் சமமாகப் பரவிய பன்னிரண்டு இலக்குகளை எந்த வடிவமைப்பாளரும் விரும்பி ஏற்பார். உங்களுக்கு அவற்றைக் கணிதம் இலவசமாகத் தருகிறது. நிலம் உருவாக்கும் நிரலுக்கு முதலில் இந்தப் பன்னிரண்டையும் சொல்லிவிட்டு, பிறகு கண்டங்களை வரையச் சொல்லுங்கள்.

சேமிப்பும் வழி தேடலும்

தட்டை மேப்பில் கிடைவரிசை, நெடுவரிசை என்று இரண்டு எண்களால் எந்தக் கட்டத்தையும் குறித்துவிடலாம். உருண்டையில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் அப்படியோர் இரட்டை எண் இல்லை. அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுங்கள். கூடவே அதன் மையம் முப்பரிமாணத்தில் எங்கே இருக்கிறது என்பதையும், அதன் அண்டைகள் யார் என்பதையும் பட்டியலாக வையுங்கள். ஆறு அண்டை அல்லது ஐந்து அண்டை. 4,412 கட்டங்களுக்கு இது இன்றைய கைப்பேசிக்குக்கூடப் பொருட்டல்ல. கட்டங்களை அடுக்காகவே வைக்க விரும்பினால், 20 முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்துச் சாய்சதுரங்களாக்கி, பத்துச் சதுர அட்டவணைகளும் இரண்டு துருவக் கட்டங்களுமாகச் சேமிக்கலாம். மேலே சொன்ன 'பத்தால் பெருக்கி 2 கூட்டு' என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வழி தேடலுக்கு உங்களுக்குப் பழக்கமான ஏ-ஸ்டார் முறை அப்படியே வேலை செய்யும். அதற்கு அண்டைப் பட்டியல் மட்டும் போதும். மீதி தூரத்தை ஊகிக்க, இரண்டு மையங்களுக்கு இடையிலான கோணத்தை எடுத்து, அண்டைக் கட்டங்களுக்கு இடையே உள்ள மிகப் பெரிய கோண இடைவெளியால் வகுங்கள். ஊகம் உண்மையைவிட அதிகமாகாது. கிடைக்கும் பாதை மிகக் குறுகியதாகவே இருக்கும். எந்த விதியிலும் 'ஆறு அண்டை' என்று நேரடியாக எழுதாதீர்கள். 'இந்தக் கட்டத்தின் எல்லா அண்டைகளும்' என்று எழுதுங்கள். இந்த ஒரு ஒழுக்கம் இருந்தால் ஐங்கோணத்துக்கென்று தனி நிரல் வரியே தேவைப்படாது.

மலை, சமவெளி, கடல் ஆகியவற்றை உருவாக்க இரைச்சல் சார்புகளை (noise functions) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அவற்றை முப்பரிமாணத்தில் கணக்கிட்டு ஒவ்வொரு மையப் புள்ளியிலும் மதிப்பை எடுங்கள். தட்டைப் படமாக உருவாக்கி உருண்டையில் சுற்றினால் ஒரு தையல் கோடும் துருவத்தில் ஒரு கசங்கலும் கட்டாயம் தெரியும்.

கேமரா, வடக்கு, சிறு மேப்

உருண்டையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் பாதிக்கு மேல் தெரியாது. கேமரா தரையிலிருந்து உருண்டையின் ஆரம் அளவு உயரத்தில் இருந்தால் கால் பங்குதான் தெரியும். அந்த உயரத்தையும் பாதியாகக் குறைத்தால் ஆறில் ஒரு பங்கு. தெரிவதிலும் ஓரத்தில் இருக்கும் கட்டங்கள் சாய்ந்து ஒடுங்கிவிடும். தட்டை மேப்பில் ஒரே பார்வையில் நிலைமையை அறிந்துகொண்டு பழகியவருக்கு இது பெரிய இழப்பு. அதை ஈடுகட்டாமல் ஆட்டத்தை வெளியிடக் கூடாது.

திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைமுடியை எப்படி வாரினாலும் எங்கேயோ ஒரு சுழி நிற்பதுபோல, உருண்டையின் மேல் எல்லா இடத்திலும் தடையின்றி ஓடும் ஒரு திசையை வரையவே முடியாது. கணிதவியலாளர் பிரவுவர் 1912இல் இதை நிறுவினார். நமது 'வடக்கு' என்ற திசைக்கு இரண்டு துருவங்களும் சுழிகள். வடக்கு எப்போதும் மேலே என்று கேமராவைப் பூட்டினால் துருவத்தைக் கடக்கும்போது திரை சுழலும். பூட்டாவிட்டால் ஆடுபவருக்குத் திசை தப்பும். நான் பரிந்துரைப்பது இது: சாதாரணமாக வடக்கு மேலே, துருவத்துக்கு அருகில் பூட்டு தானாகத் தளரட்டும், ஒரு விசையைத் தட்டினால் மீண்டும் வடக்கு மேலே வரட்டும்.

இவற்றுக்கு மேல் ஒரு தட்டைச் சிறு மேப் அவசியம். உருண்டையின் பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக்க முடியாது என்று கணிதவியலாளர் கவுஸ் 1827லேயே காட்டிவிட்டார். எனவே எதைச் சிதைக்கலாம் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1569இன் மெர்கேட்டர் படத்தை மட்டும் தொடாதீர்கள். ஆப்பிரிக்காவின் பரப்பு கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு. அந்தப் படத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். நிலமே செல்வமாக இருக்கும் ஆட்டத்தில் அது பொய்த் தகவல். ஆடுபவரின் தலைநகரை நடுவில் வைத்து, அங்கிருந்து எல்லாத் தூரங்களும் உண்மையாகத் தெரியும் வட்டப் படம் உங்களுக்குப் பொருத்தம். ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தில் வட துருவத்தை நடுவில் வைத்து வரைந்திருக்கும் படம் அந்த வகைதான். எதிரி எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

மறுபக்கத்தில் நடக்கும் தாக்குதலுக்கு உருண்டையின் விளிம்பில், மிகக் குறுகிய பாதை எந்தத் திசையோ அந்தத் திசையில் ஓர் அம்புக்குறி காட்டுங்கள். இரவுப் பகுதியை அழகுக்காக இருட்டாக்க வேண்டாம். ஆடுபவர் உலகின் பாதியை வாசிக்க முடியாமல் போகும்.

உருண்டை ஆட்டத்துக்கு என்ன தருகிறது?

தட்டை மேப்பின் ஓரம் ஒரு சுவர். மூலையில் தொடங்கியவருக்கு முதுகைக் காக்க ஆள் தேவையில்லை. நடுவில் தொடங்கியவர் நாலாபுறமும் பார்க்க வேண்டும். உருண்டையில் மூலையும் இல்லை, நடுவும் இல்லை. 2014இல் வெளிவந்த பிளானட்டரி அன்னிஹிலேஷன் என்ற போர் விளையாட்டில் கிரகங்கள் முழு உருண்டைகள். எதிரி எந்தத் திசையிலிருந்தும் வரலாம். அது தரும் பரபரப்பும் உண்மை, அது தரும் களைப்பும் உண்மை. ஆகவே ஆடுபவர் முதுகைச் சாய்த்துக்கொள்ள ஒரு சுவரை நீங்கள் செய்துதர வேண்டும். மலைத்தொடர், அகன்ற கடல், பனிப்பாலைவனம் என்று நிலமே காவலாகட்டும். ஓரங்கள் செய்துவந்த வேலையை இனி நிலம் செய்ய வேண்டும். இதனால் நிலத்தின் அமைப்பு தட்டை மேப்பில் இருந்ததைவிட முக்கியமாகிவிடுகிறது.

நியாயமான தொடக்கமும் கிடைக்கிறது. ஒரு தளத்தில் மூன்று புள்ளிகளைத்தான் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் வைக்க முடியும். உருண்டையில் நான்கு வைக்கலாம், ஒவ்வொன்றும் மற்ற மூன்றிலிருந்தும் 109.5 டிகிரி தள்ளி. நால்வர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரும் சம தூரத்து எதிரிகள். இதைத் தட்டையில் இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது.

பருவநிலையும் நேர்மையாகிறது. உருண்டையின் பரப்பில் சரிபாதி, நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 டிகிரிக்குள் அடங்கிவிடும். துருவ வட்டங்களுக்கு அப்பால் இருப்பது மொத்தத்தில் 8 சதவீதம் மட்டுமே. உங்கள் உருளை மேப்பில் வரிசைகளை அட்சரேகைக்குச் சமமாகப் பிரித்திருந்தால் 26 சதவீதக் கட்டங்கள் அந்தப் பனியில் போய்விடுகின்றன. உருண்டைக்கு மாறினால் அதே எண்ணிக்கைக் கட்டங்களில் வாழத்தக்க நிலம் பெருகும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம், துருவம் நாற்சந்தியாவது. பாய்மரக் காலத்து மனிதனுக்குத் துருவம் உண்மையிலேயே சுவர்தான். அதனால் அந்தக் காலத்தை ஆடும் வரை உருளை மேப் பொய் சொல்வதில்லை. விமானமும் ஏவுகணையும் வந்த பிறகு கதை மாறியது. சோவியத் யூனியனிலிருந்து அமெரிக்காவுக்குக் குறுகிய வான்வழி வட துருவத்தின் பக்கமாகப் போகிறது. அதனால்தான் அமெரிக்காவும் கனடாவும் அலாஸ்கா தொடங்கி ஆர்க்டிக் கரை நெடுக ஒரு ரேடார் வரிசையை நிறுவி 1957இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. உருளை மேப்பில் ஆடும் எவருக்கும் அங்கே ரேடார் வைக்கத் தோன்றாது, ஏனென்றால் அந்த மேப்பில் அந்தப் பக்கமிருந்து யாரும் வர முடியாது. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக வந்ததும் இதே வடிவியல்தான். உங்கள் ஆட்டத்தில் விமான யுகம் பிறக்கும்போது, அதுவரை பாதுகாப்பாக இருந்த வட எல்லை திடீரென்று முன்வாசலாகும். ஒரு கண்டுபிடிப்பு உலகத்தின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதை ஆடுபவர் தன் இழப்பிலும் வெற்றியிலும் உணர்வார். உருண்டை மேப்புக்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியாது.

ஒரு விதியை மட்டும் நீங்கள் திருத்தி எழுத வேண்டியிருக்கும். உலகைச் சுற்றிவந்த முதல் நாட்டுக்குப் பரிசு என்பது இந்த வகை ஆட்டங்களில் வழக்கம். உருண்டையில் துருவத்துக்கு அருகே சில கட்டங்களை ஒரு சுற்று சுற்றினாலே எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்துவிடலாம். 1519இல் மெகல்லன் தொடங்கி 1522இல் எல்கானோ முடித்த பயணத்துக்கு அது இணையாகாது. புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிர்முனைக்கு அருகில் சென்று, போன வழியே திரும்பாமல் வந்து சேர வேண்டும் என்று விதி வையுங்கள்.

மெனக்கெடலாமா?

உங்கள் கதை ஒரே நாட்டில், ஒரே ஆற்றுப் படுகையில் நடக்கிறது என்றால் தட்டை மேப்பே சரி. பாய்மரக் கப்பலோடு முடியும் ஆட்டத்துக்கு உருளை போதும். உலகம் உருண்டையாகவும் போர்க்களம் நுணுக்கமாகவும் வேண்டும் என்றால் இரண்டு அடுக்கு முறை உண்டு. 1994இன் எக்ஸ்-காம் விளையாட்டில் சுழலும் பூகோளத்தில் எதிரியைத் தேடுவீர்கள். சண்டை தொடங்கியதும் தட்டைச் சதுரக் கட்டங்களுக்கு இறங்கிவிடுவீர்கள். ரிம்வேர்ல்டும் அதையே செய்கிறது. விமான யுகம் வரை போகும், கண்டங்கள் மோதும் ஆட்டம் என்றால் முழு உருண்டைக்குத் துணிந்து இறங்குங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் 32 திட்டுகள் உள்ள பழைய கால்பந்து ஒன்றை எடுத்து, சாக்பீஸால் நாடுகளைக் குறித்து, மூவரும் ஸ்டிக்கர் ஒட்டி ஆடிப் பாருங்கள்; ஐங்கோணத்தின் குணம் கையிலேயே புரியும். அடுத்து 642 கட்டங்களில், அழகு எதுவும் இல்லாமல், வெறும் நிறங்களோடு ஒரு முன்மாதிரி. அதில் கேமராவும் வட்டச் சிறு மேப்பும் சரியாகும் வரை பெரிய உலகத்துக்குப் போகாதீர்கள். நிலம் உருவாக்குவதும் அலங்காரமும் கடைசி.

தொடங்கும் முன் மூவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள்: உருண்டையில் மட்டுமே எடுக்கக்கூடிய, உருளையில் எடுக்க முடியாத மூன்று முடிவுகள் உங்கள் ஆட்டத்தில் எவை? மூன்று கிடைத்தால், நிரல் எழுதத் தொடங்குங்கள். பன்னிரண்டு ஐங்கோணங்களும் உங்களுக்கு உதவியாகவே இருக்கும். கிடைக்காவிட்டால் இப்போது வைத்திருக்கும் மேப்பையே இன்னும் செழுமையாக்குங்கள். நல்ல ஆட்டம் அதிலும் பிறக்கும்.